பர்லியாரில் சொட்டிய சிவப்பு எண்ணெய்: பழைய ஆட்டோமேட்டிக் கார்களும் மலைச்சாலையும்

மேட்டுப்பாளையத்தில் இருந்து குன்னூர் ஏறும் வண்டிகளில் பர்லியாரில் நிற்காதவை குறைவு. பழக்கடை, டீக்கடை, குரங்குகள், பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஆறவிட்டிருக்கும் கார்கள் என்று அந்த இடம் எப்போதும் ஒரே மாதிரிதான் இருக்கும். சில வருடங்களுக்கு முன் ஒரு மே மாத மதியம் எங்கள் 1982 பென்ஸ் 300டி-யை அங்கே ஓரங்கட்டினேன். இறங்கிப் பார்த்தால் வண்டிக்கு நடுவில், கியர்பாக்ஸுக்கு நேர் கீழே, தார்ரோட்டில் சிவப்பாகச் சொட்டியிருந்தது. பக்கத்தில் நின்ற வேன் டிரைவர் குனிந்து பார்த்தார். “ஆட்டோமேட்டிக்குங்களா? மலைக்கு ஆகாதுங்களே” என்றார்.

இந்தப் பேச்சை ஊட்டியிலும் கோத்தகிரியிலும் சின்ன வயதில் இருந்தே கேட்டு வருகிறேன். இன்றைக்கு மலையேறி வரும் புதுக் கார்களில் எத்தனையோ ஆட்டோமேட்டிக். அவற்றை யாரும் எதுவும் சொல்வதில்லை. பழைய வண்டி என்றால் மட்டும் தீர்ப்பு தயாராக இருக்கிறது. அதைச் சொல்பவர்கள் மேல் எனக்குக் குறை இல்லை. நம் மலையில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் மூத்தவர்களின் கை அம்பாசடரிலும் ஜீப்பிலும் ஃபியட்டிலும் பழகியது. அந்த வண்டிகளில் கியர்பாக்ஸ் எண்ணெய்க்கு ஒரே வேலை, பற்சக்கரங்கள் தேயாமல் பார்த்துக்கொள்வது. வருடக்கணக்கில் திறந்து பார்க்காமல் விட்டாலும் ஓடும். அதே பழக்கத்தை ஆட்டோமேட்டிக்குக்கும் கொண்டுவந்ததில்தான் பல நல்ல கார்கள் ஷெட்டில் முடங்கின. ஆட்டோமேட்டிக்கில் எண்ணெயும் ஒரு உதிரிபாகம். அதிலும் மிக முக்கியமான உதிரிபாகம் அதுதான்.

எண்ணெய்க்கு எத்தனை வேலை

சாதாரணக் காரில் இன்ஜினையும் கியர்பாக்ஸையும் சேர்ப்பது கிளட்ச் பிளேட். ஆட்டோமேட்டிக்கில் அந்த இடத்தில் டார்க் கன்வெர்ட்டர் இருக்கிறது. பெரிய தேங்காய் பன் வடிவத்தில், நாலாபக்கமும் மூடிய ஒரு இரும்புக்கூடு. உள்ளே முழுக்க எண்ணெய். இன்ஜின் பக்கத்துத் தகடுகள் எண்ணெயை வீசுகின்றன, எதிர்ப்பக்கத் தகடுகள் அந்த வீச்சில் சுழல்கின்றன. நீலகிரிக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். 1932-ல் இருந்து பைக்காராவில் குழாய் வழியாக இறங்கும் தண்ணீர் சக்கரத்தைச் சுற்றி மின்சாரம் தருகிறது அல்லவா? அங்கே உயரம் தண்ணீரைத் தள்ளுகிறது, இங்கே இன்ஜின் எண்ணெயைத் தள்ளுகிறது. நடுவில் ஸ்டேட்டர் என்ற மூன்றாவது சக்கரம் ஒன்று, திரும்பி வரும் எண்ணெயை மறுபடி சரியான திசைக்கு வளைத்து அனுப்புகிறது. அதனால் வண்டி புறப்படும் நேரத்தில் இன்ஜின் தரும் முறுக்கு விசை கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிச் சக்கரத்துக்குப் போகும். கொண்டை ஊசி வளைவில் நின்று புறப்படும் காருக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. கிளட்ச் கருகும் நாற்றமே வராது.

கன்வெர்ட்டருக்குப் பின்னால் பற்சக்கரத் தொகுதிகள். அவற்றில் எது சுழல வேண்டும், எது நிற்க வேண்டும் என்பதை, எண்ணெயில் நனைந்தே வேலை செய்யும் கிளட்ச் தட்டுகளும் ‘பேண்ட்’ எனப்படும் பிடிபட்டைகளும் முடிவு செய்கின்றன. அவற்றை இறுக்குவதும் விடுவிப்பதும் எண்ணெயின் அழுத்தம். எந்த வேகத்தில் எந்தக் கியர் என்று கணக்குப் போடுவது வால்வ் பாடி என்ற அலுமினியப் பெட்டி. அதற்குள் எறும்புப் புற்று மாதிரிக் குறுகிய வழிகள், அவற்றில் எண்ணெய் ஓடித்தான் அந்தக் கணக்கே நடக்கிறது. பழைய கியர்பாக்ஸ் பெட்டிகளில் கம்ப்யூட்டர் கிடையாது. எண்ணெய்தான் மூளை.

ஜெனரல் மோட்டார்ஸ் 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் ஹைட்ராமேட்டிக்கைக் கொடுத்தது. பெரிய எண்ணிக்கையில் விற்ற முதல் முழு ஆட்டோமேட்டிக் அது. 1948 மாடல் பியூக்கில் டார்க் கன்வெர்ட்டர் வந்தது. பென்ஸ் தன் சொந்தப் பெட்டியை 1961-ல் கொண்டுவந்தது. அமைப்பு எப்படி மாறினாலும் எண்ணெயின் வேலைகள் மாறவில்லை. அது விசையைக் கடத்த வேண்டும், தட்டுகளை இறுக்க வேண்டும், கியரைத் தீர்மானிக்க வேண்டும், சூட்டை எடுத்துக்கொண்டு போக வேண்டும், தேய்மானத்தைத் தடுக்க வேண்டும்.

இதில் ஒரு முரண் இருக்கிறது. எண்ணெய் வழுக்க வேண்டும், அதே எண்ணெயில் நனைந்த தட்டுகள் ஒன்றை ஒன்று பிடிக்கவும் வேண்டும். அந்தப் பிடிப்பு படக்கென்று இல்லாமல், இழுத்துக்கொண்டும் போகாமல் அளவாக இருக்க வேண்டும். இதற்காகவே எண்ணெயில் தனியாக ஒரு சேர்மானம் கலக்கிறார்கள். பல வருடங்கள் அந்தச் சேர்மானமாக இருந்தது ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் எண்ணெய். அவ்வளவு சூட்டையும் தாங்கி, அவ்வளவு சீரான பிடிப்பைக் கொடுக்க வேறு பொருள் அப்போது கையில் இல்லை. 1970களின் தொடக்கத்தில் அழியும் நிலையில் இருந்த உயிர்களைக் காக்க அமெரிக்கா சட்டம் போட்டதும் திமிங்கில எண்ணெய் நின்றது. மாற்றாக வந்த ஆரம்பக் கலவை, எண்ணெயை ஆற்றும் கூலர்கள் சிலவற்றின் ஈயப்பற்றை அரித்துவிட, மறுபடி மாற்ற வேண்டி வந்தது. ஒரு சேர்மானத்தை மாற்றியதற்கே இவ்வளவு பாடு. கையில் கிடைத்த ஏதோ ஒரு எண்ணெயை ஊற்றினால் பெட்டி என்ன ஆகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆகவே எந்த எண்ணெய் என்ற கேள்விக்குக் காரின் கையேட்டைத் தவிர வேறு பதில் கிடையாது. ஜெனரல் மோட்டார்ஸ் 1949-ல் டைப் ஏ என்ற தரத்தையும், 1967-ல் டெக்ஸ்ரானையும், பிறகு டெக்ஸ்ரான் 2, 3 ஆகியவற்றையும் கொண்டுவந்தது. ஃபோர்டின் டைப் எஃப் வேறு குணம் கொண்டது. வழுக்கலைச் சீராக்கும் சேர்மானம் அதில் இல்லாததால் தட்டுகளைச் சட்டென்று பிடிக்கும். டைப் எஃப் கேட்கும் பெட்டியில் டெக்ஸ்ரானை ஊற்றினால் பிடிப்பு போதாமல் தட்டுகள் இழுபட்டுத் தேயும். டெக்ஸ்ரான் கேட்கும் பெட்டியில் டைப் எஃப் ஊற்றினால் ஒவ்வொரு கியரும் உதறிக்கொண்டு விழும். பழைய ஜாகுவார், எம்ஜி, வால்வோ வைத்திருப்பவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அவற்றில் இருந்த போர்க்-வார்னர் பெட்டிக்கு எந்த வருடத்துக் கையேடு என்ன சொல்கிறது என்று பார்த்த பிறகே டின்னைத் திறக்கலாம். டெக்ஸ்ரான் 3-க்கு உரிமம் கொடுப்பதை ஜெனரல் மோட்டார்ஸ் 2006-ன் முடிவோடு நிறுத்திவிட்டது. இன்று கடையில் கிடைப்பவை அந்தத் தரத்துக்கு ஒத்தவை என்று தயாரிப்பாளரே சொல்லிக்கொள்பவை. எனவே பெயர் தெரிந்த, போலி கலக்காத கடையில் வாங்குங்கள். டெக்ஸ்ரான் 6 இவற்றைவிட மெல்லியது. நாற்பது வருடப் பழைய சீல்கள் இருக்கும் பெட்டியில் நான் அதை ஊற்ற மாட்டேன்.

ஏற்றத்தில் சூடு, இறக்கத்தில் அதைவிடச் சூடு

கன்வெர்ட்டரில் ஒரு பக்கம் வேகமாகவும் மறுபக்கம் மெதுவாகவும் சுற்றினால், அந்த வித்தியாசத்தில் போகும் சக்தி முழுவதும் எண்ணெயில் சூடாக இறங்கும். சமவெளியில் ஒரே வேகத்தில் ஓடும்போது இந்த வழுக்கல் சிறியது. காட்டேரி வளைவுகளில் அரசுப் பேருந்துக்குப் பின்னால் ஊர்ந்து ஏறும்போது பெரியது. இப்போதைய கார்களில் வேகம் கூடியதும் கன்வெர்ட்டரைப் பூட்டிவிடும் கிளட்ச் உண்டு. எங்கள் 300டி போன்ற பழைய பெட்டிகளில் அது இல்லை, எப்போதும் கொஞ்சம் வழுக்கிக்கொண்டேதான் இருக்கும்.

இந்த எண்ணெய்க்குச் சுகமான சூடு 80 டிகிரி செல்சியஸ் பக்கம். அதற்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் எண்ணெயின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிறது என்பது கியர்பாக்ஸ் வேலை தெரிந்தவர்கள் வைத்திருக்கும் கணக்கு. 80 டிகிரியில் நாலு வருடம் தாங்கும் எண்ணெய், 110 டிகிரியிலேயே ஓடினால் ஆறு மாதத்தில் முடிந்துவிடும். கருகிய எண்ணெயில் முதலில் கெடுவது தட்டுகளின் காகித மேற்பூச்சு. அடுத்து ரப்பர் சீல்கள் இறுகி, அழுத்தம் கசிகிறது. அழுத்தம் குறைந்தால் தட்டு வழுக்கும், வழுக்கினால் இன்னும் சூடு. “மலைக்கு ஆகாது” என்ற பேச்சுக்குப் பின்னால் இருப்பது இந்தச் சுழல்தான்.

அதனால் ஏறும்போது கியர் லீவரை ‘டி’யில், அதாவது சாதாரண ஓட்டத்துக்கான நிலையில், போட்டுவிட்டு மறந்துவிடக் கூடாது. மூன்றுக்கும் நான்குக்கும் மாறி மாறித் தாவுகிறது என்றால் ஒரு படி கீழே, ‘எஸ்’ அல்லது ‘3’-க்கு இறக்குங்கள். இன்ஜின் சத்தம் கூடும், எண்ணெய்ச் சூடு குறையும். இன்னொன்று, இதைத்தான் சீசன் நேரத்தில் எல்லோரும் செய்கிறார்கள்: வரிசையில் மேட்டில் நிற்கும்போது பிரேக்கை மிதிக்காமல், ஆக்சிலேட்டரை லேசாக மிதித்தபடியே வண்டியை உருளவிடாமல் பிடித்து வைப்பது. வண்டி நகரவில்லை. அப்படியானால் இன்ஜின் அனுப்பும் சக்தி எங்கே போகிறது? கன்வெர்ட்டருக்குள் இருக்கும் அந்தச் சில லிட்டர் எண்ணெயைக் காய்ச்சத்தான் போகிறது. பிரேக்கை மிதியுங்கள். மேலே போய்ச் சேர்ந்ததும் உடனே அணைக்காமல் ‘பி’யில் (பார்க்கிங் நிலையில்) இரண்டு நிமிடம் ஓடவிட்டால் சூடான எண்ணெய் கூலர் வழியாகச் சுற்றி ஆறும்.

இறக்கத்துக்கு ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஆட்களோடு 1,600 கிலோ எடையுள்ள கார் குன்னூரில் இருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கினால் உயரத்தில் சுமார் 1,500 மீட்டர் இழக்கிறது. அதில் வெளிப்படும் சக்தி, 25 டிகிரியில் இருக்கும் 75 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும். காற்றும் டயரும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மீதியைப் பிரேக்கும் இன்ஜினும் பகிர்ந்துகொள்ள வேண்டும். ‘டி’யிலேயே இறங்கினால் இன்ஜின் தன் பங்கை ஒழுங்காக எடுப்பதில்லை. பல பழைய பெட்டிகளில் ‘டி’யில் கீழ் கியர்கள் ஒருவழிக் கிளட்சில் ஓடுகின்றன, வண்டி இன்ஜினை முந்தினால் அவை விட்டுவிடும். கீழ் கியர் நிலைகளான ‘எல்’ அல்லது ‘2’-ல் போட்டால்தான் பேண்ட் இறுகி இன்ஜின் வண்டியைப் பிடித்து நிறுத்தும். நம் மலை ரயிலைப் பாருங்கள். கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே 12-க்கு 1 என்ற சரிவில், ஏறினாலும் இறங்கினாலும் இன்ஜின் பள்ளத்துப் பக்கம்தான் நிற்கும். பெட்டிகளின் பாரத்தைக் கீழே இருந்து தாங்கியபடியே இறக்கும். காரிலும் இறக்கத்தில் பாரத்தைத் தாங்க வேண்டியது இன்ஜின்தான்.

36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கல்லட்டி இறக்கத்தில் வெளியூர் வண்டிகளை விடாததற்குக் காரணம் பிரேக் சூடேறி நடந்த விபத்துகள். உள்ளூர் வண்டிக்கும் அதே இயற்பியல்தான். டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் உருட்டுவது, அதிலும் இன்ஜினை அணைத்துவிட்டு உருட்டுவது, பழைய லாரிக் காலத்தில் இருந்து இந்தப் பக்கம் இருக்கும் வழக்கம். ஆட்டோமேட்டிக்கில் அதை ஒரு முறைகூடச் செய்யாதீர்கள். எண்ணெய்ப் பம்பை ஓட்டுவது இன்ஜின். இன்ஜின் நின்றால் பம்ப் நிற்கும், பின்சக்கரம் மட்டும் பெட்டியின் உட்பாகங்களை எண்ணெய் இல்லாமல் சுற்றிக்கொண்டிருக்கும். பிரேக்குக்குத் துணைசெய்யும் வேக்குவமும் (உறிஞ்சும் விசை) போய்விடும். வண்டி வழியில் நின்றுபோனால் கயிறு கட்டி இழுக்காமல், ஓட்டும் சக்கரங்களைத் தரையில் இருந்து தூக்கியோ லாரியில் ஏற்றியோ கொண்டுபோவதும் இதற்காகத்தான்.

கோவையில் சரிசெய்த கியர் ஊட்டியில் உதறுவது ஏன்

எங்கள் வண்டியின் இரண்டாவது புகார் இது. கோவையில் பட்டுப்போல மாறிய கியர், லவ்டேல் தாண்டியதும் முதுகில் தட்டியது. கீழே ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். பெட்டியை இறக்கி முழுவதும் பிரித்துச் செய்ய வேண்டும் என்றார்கள். வீட்டில் எல்லோருக்கும் மனது விட்டுப்போயிற்று.

பழைய பெட்டிகள் பலவற்றில் வேக்குவம் மாடுலேட்டர் என்று ஒரு சின்ன டப்பா உண்டு. இன்ஜின் எவ்வளவு பாரம் இழுக்கிறது என்று பெட்டிக்குச் சொல்வது அதுதான். ஒருபக்கம் வேக்குவம், மறுபக்கம் வெளிக்காற்று, நடுவில் ஒரு ரப்பர்த் திரை. வேக்குவம் நிறைய இருந்தால் பாரம் குறைவு என்று அர்த்தம், பெட்டி குறைந்த அழுத்தத்தில் மென்மையாகக் கியர் மாற்றும். வேக்குவம் குறைந்தால் பாரம் அதிகம் என்று எடுத்துக்கொண்டு அழுத்தத்தைக் கூட்டி இறுக்கமாக மாற்றும்.

வேக்குவம் என்றால் உறிஞ்சும் விசை என்றுதான் பேசுகிறோம். உண்மையில் அந்தத் திரையைத் தள்ளுவது வெளிக்காற்று. 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்றே அதிகம், அவ்வளவுதான். வெளியே தள்ளும் காற்றே குறைவாக இருந்தால், வேக்குவம் உண்டாக்கும் பம்ப் எவ்வளவு நன்றாக உறிஞ்சினாலும் திரையின் மேல் விழும் விசை குறையத்தான் செய்யும். பெட்டி அதை “பாரம் அதிகம்” என்று தவறாகப் படிக்கிறது. இன்ஜினோ காற்று குறைந்ததால் தன் சக்தியில் சுமார் ஐந்தில் ஒரு பங்கை இழந்து நிற்கிறது. பலவீனமான இன்ஜினுக்கு இறுக்கமான கியர் மாற்றம். உதறலுக்குக் காரணம் இந்தப் பொருத்தமின்மைதான். இதற்காகவே காற்றழுத்தத்துக்கு ஏற்பத் தானே ஈடுசெய்துகொள்ளும் மாடுலேட்டர்களை அமெரிக்கக் கம்பெனிகள் சில பெட்டிகளில் வைத்தன.

ஆக, ஊட்டியில் கியர் கொஞ்சம் இறுக்கமாக விழுவது நோய் ஆகாது. அதைப் போக்க மாடுலேட்டர் திருகை ஊட்டியிலேயே தளர்த்திவிட்டு மேட்டுப்பாளையத்தில் இறங்கினால்தான் நோய் தொடங்கும். கீழே அழுத்தம் போதாமல் கியர் மாறும்போது தட்டுகள் இழுபடும். உள்ளே இருப்பவருக்கு அது மிக மென்மையாக, சுகமாகத் தெரியும். அந்தச் சுகம் தட்டுகள் தேய்வதால் வருவது. பழைய ஆட்டோமேட்டிக்கில் லேசான இறுக்கத்தை நான் எப்போதும் விரும்புவேன். அப்படியும் திருகத்தான் வேண்டும் என்றால், முதலில் இருந்த நிலையைக் குறித்து வைத்துக்கொண்டு, அரைத் திருகல் திருகி, இரண்டு நாள் ஓட்டிப் பார்த்து, அப்புறம் அடுத்த அரை.

எங்கள் வண்டியின் உதறல் உயரத்தால் மட்டும் வந்ததாகத் தெரியவில்லை. அவ்வளவு கடுமையாக இருந்தது. துப்பு வேறு இடத்தில் கிடைத்தது: சாவியைத் திருப்பி அணைத்த பிறகும் இன்ஜின் சில நொடி ஓடிக்கொண்டிருந்தது. இந்த மாடல் டீசல் பென்ஸில் இன்ஜினை அணைப்பதும் வேக்குவம், கதவுகளைப் பூட்டுவதும் வேக்குவம், பிரேக்குக்குத் துணையும் வேக்குவம், கியர்பாக்ஸுக்குச் சேதி சொல்வதும் வேக்குவம். எல்லாவற்றுக்கும் ஒரே பம்ப். ஆளுக்கு ஒரு குழாய் வழியாகப் பிரிந்து போகிறது. ஒவ்வொரு குழாயாகக் கழற்றி அடைத்துப் பார்த்ததில், இடதுபக்கப் பின்கதவுப் பூட்டுக்குப் போகும் ரப்பர் இணைப்பு வெடித்திருந்தது. சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. அதை மாற்றியதும் இன்ஜின் உடனே அணைந்தது, கியரும் அடங்கியது. பெட்டியை இறக்கவே இல்லை.

சில நேரம் மாடுலேட்டரின் திரையே கிழிந்துபோகும். அப்போது பெட்டியின் எண்ணெய் வேக்குவம் குழாய்க்குள் இழுபடும். பெட்ரோல் காரில் அது இன்ஜினுக்குள் போய் எரிந்து வெள்ளைப் புகையாக வரும். தரையில் ஒரு சொட்டும் இல்லை, ஆனால் எண்ணெய் குறைந்துகொண்டே போகிறது என்றால் மாடுலேட்டரின் ரப்பர்க் குழாயைக் கழற்றி உள்ளே ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள்.

சர்வீஸ்

பழைய கையேடுகள் மலைச்சாலை ஓட்டத்தைக் கடினமான பயன்பாட்டில் சேர்க்கின்றன. சாதாரண ஓட்டத்துக்கு 50,000 கிலோமீட்டர் என்றால் மலைக்கு அது பொருந்தாது. நான் 20,000 கிலோமீட்டர் அல்லது இரண்டு வருடம், எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றிவிடுகிறேன்.

எண்ணெய் அளவு பார்ப்பதே நம் ஊரில் ஒரு சிக்கல், சமதரை வேண்டும். குன்னூரில் எங்கள் வீட்டு வாசல் தெருவோடு சேர்ந்து சரிகிறது. கண்ணுக்குச் சமமாகத் தெரியும் இடம்கூடச் சமமாக இருப்பதில்லை. சரிவில் எண்ணெய், பெட்டியின் அடியில் இருக்கும் பேன் என்ற எண்ணெய்த் தட்டின் ஒரு பக்கம் ஒதுங்கிக்கொள்ளும், அளவு பார்க்கும் கம்பி பொய் சொல்லும். இப்போது கொத்தனார் ரசமட்டம் ஒன்றை வாங்கி வைத்திருக்கிறேன். கதவைத் திறந்து அடிப்படியில் நீளவாக்கில் ஒரு தரம், குறுக்குவாக்கில் ஒரு தரம் வைத்துப் பார்த்து, குமிழி நடுவுக்கு வந்த பிறகுதான் கம்பியை இழுப்பேன். அடுத்தது சூடு. சூடேறினால் எண்ணெய் விரியும். கம்பியில் இருக்கும் மேல்கோடு ஓடிச் சூடான எண்ணெய்க்கு உரியது. பெரும்பாலான பெட்டிகளில் நன்றாக ஓட்டிவிட்டு வந்து, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது, ‘பி’யில் வைத்துப் பார்க்க வேண்டும். இன்ஜினை அணைத்துப் பார்க்கச் சொல்லும் கம்பெனிகளும் உண்டு, அதற்கும் கையேடுதான்.

பர்லியாரில் சொட்டியதற்குக் காரணம் இங்கேதான் இருந்தது. அதற்கு முந்தின வாரம், காலைக் குளிரில், எங்கள் சரிந்த வாசலில் கம்பியைப் பார்த்துவிட்டு, குறைவாக இருக்கிறதே என்று மேல்கோடு வரை ஊற்றியிருந்தேன். மலையேற்றத்தில் சூடேறி விரிந்ததும், அளவுக்கு மீறிய எண்ணெயைச் சுழலும் பாகங்கள் நுரைக்க அடித்து, மூச்சுத் துளை வழியாக வெளியே தள்ளிவிட்டன. நுரைத்த எண்ணெயில் காற்று இருக்கும், காற்று அழுத்தத்தைத் தாங்காது. எண்ணெய் குறைந்தால் என்ன கேடோ, கூடினாலும் அதே கேடு.

கம்பியைத் துடைக்கும் துணியையும் பாருங்கள். எல்லா ஷெட்டிலும் திருப்பூர் பனியன் வேஸ்ட்தான் கிடக்கும். இன்ஜின் வேலைக்கு அது நல்லது. இந்த வேலைக்கு வேண்டாம், நூல் பிரியும். ஒரு இழை வால்வ் பாடிக்குள் போய் ஒரு வால்வின் ஓரத்தில் மாட்டினால் கியர் மாறாமல் நின்றுவிடும். நூல் பிரியாத துணியோ, டிஷ்யூ மாதிரிக் கிழியாத நல்ல காகிதமோ எடுத்துக்கொள்ளுங்கள். புனல், கேன் எல்லாம் இதற்கென்றே தனியாக இருக்கட்டும்.

வடிக்கும் முன் வண்டியைக் கொஞ்சம் ஓட்டிவிட்டு வாருங்கள். வெதுவெதுப்பான எண்ணெய் அழுக்கையும் சேர்த்துக்கொண்டு இறங்கும், கொதிக்கும் எண்ணெய் கையைப் பொத்துவிடும். ஜாக்கியில் மட்டும் நிறுத்தி அடியில் போகாதீர்கள். ஸ்டாண்டும் சக்கரத்துக்குக் கல்லும் கட்டாயம். எங்கள் வண்டியில் பேனின் வடிகால் நட்டு 5 மில்லிமீட்டர் ஆலன் கீயில் கழலும். அத்தோடு நிறுத்தினால் பழைய எண்ணெயில் ஒரு பெரிய பங்கு கன்வெர்ட்டருக்குள்ளேயே தங்கிவிடும், புதியதோடு கலக்கும். கன்வெர்ட்டருக்கும் தனி வடிகால் இருக்கிறது. இன்ஜினை முன்னால் இருந்து 27 மில்லிமீட்டர் சாக்கெட்டால், அது ஓடும் திசையிலேயே மெல்லச் சுற்றினால் கீழே இருக்கும் துளையில் அந்த நட்டு தலைகாட்டும். பல மெக்கானிக்குகள் இந்தப் படியை விட்டுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் நின்று கேட்டுச் செய்யச் சொல்லுங்கள். கன்வெர்ட்டரில் வடிகால் இல்லாத கார் என்றால், சில நூறு கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு முறை மாற்றிவிடுவது நல்ல வழி.

பேனைக் கழற்றியதும் உடனே கழுவிவிடாதீர்கள். பெட்டியின் உடல்நிலை அதில் எழுதியிருக்கிறது. அடியில் மெல்லிய சாம்பல் நிறப் பசை இருந்தால் இயல்பான தேய்மானம். விரலில் நெருடும் இரும்புத் தூளும் மினுக்கும் சில்லுகளும் இருந்தால் உள்ளே ஏதோ உடைகிறது. கருப்பு மசி போலக் கெட்டியாக, கருகிய வாசனையோடு இருந்தால் தட்டுகள் எரிந்திருக்கின்றன, எண்ணெய் மாற்றம் மட்டும் அதைக் காப்பாற்றாது. எண்ணெய் ரோஸ்மில்க் நிறத்தில் இருந்தால் வண்டியை அதற்கு மேல் ஒரு அடிகூட ஓட்டாதீர்கள். எண்ணெயை ஆற்றும் கூலர் பெரும்பாலும் ரேடியேட்டரின் தொட்டிக்குள் இருக்கிறது. அது ஓட்டையானால் தண்ணீர் எண்ணெயில் கலந்து, தட்டுகளின் காகிதப் பூச்சை ஒட்டிய பசையை ஊறவைத்துப் பிரித்துவிடும். பழைய ரேடியேட்டர் வைத்திருப்பவர்கள் இதை அஞ்ச வேண்டும்.

ஃபில்டரைப் புதிதாகப் போடுங்கள், பழையதைக் கழுவி மாட்ட வேண்டாம். பேனின் பேக்கிங் உட்காரும் இரண்டு முகங்களையும் நகத்தால் தடவி மிச்சம் எதுவும் இல்லை என்று பார்த்துவிட்டு மாட்டுங்கள். போல்ட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக, கொஞ்சம் கொஞ்சமாக, மணிக்கட்டு பலத்தில் மட்டும் இறுக்க வேண்டும். அலுமினியத்தில் மரை போய்விட்டால் ஒரு மணி நேர வேலை ஒரு வார வேலையாகும். ஊற்றும்போது முதலில் நாலு லிட்டர், இன்ஜினை ஓடவிட்டு, பிரேக்கை மிதித்தபடி லீவரை எல்லா நிலைகளுக்கும் மெதுவாகக் கொண்டுபோய்த் திரும்பி, பிறகு கம்பியைப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். கடைசி கால் லிட்டரைச் சூடான பிறகு, ரசமட்டம் காட்டும் இடத்தில் சேருங்கள்.

பழைய எண்ணெயை அப்படியே விட்டுவிடு, புதியது ஊற்றினால் பெட்டி போய்விடும் என்று ஒரு நம்பிக்கை பரவலாக இருக்கிறது. சாகும் தறுவாயில் இருந்த பெட்டிகளுக்குக் கடைசி முயற்சியாக எண்ணெய் மாற்றி, பிறகு அவை நின்றுபோனதைப் பார்த்தே இந்த நம்பிக்கை வளர்ந்திருக்கும் என்று நினைக்கிறேன். இயந்திரம் வைத்து அழுத்தத்தில் கழுவுவதை நானும் ஆதரிக்க மாட்டேன். பல வருட அழுக்கை அது கிளப்பி வால்வ் பாடிக்குள் தள்ளக்கூடும். தானாக வடியவிட்டு நிரப்புவதில் அந்த ஆபத்து இல்லை.

பிரச்சினை வந்தால் எந்த வரிசையில் தேடுவது என்பதும் முக்கியம். எண்ணெய் அளவு, எண்ணெயின் நிறமும் வாசனையும், லீவர் கம்பியும் ஆக்சிலேட்டர் கேபிளும் சரியான நீளத்தில் இருக்கின்றனவா, வேக்குவம் குழாய்கள், அதற்குப் பிறகு வெளியில் இருந்து இறுக்கக்கூடிய பேண்டுகள். இவை எல்லாம் சரியாக இருந்து, அப்போதும் பெட்டி சரியில்லை என்றால்தான் உள்ளே கை வைக்க வேண்டும். டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலையில் ‘டி’யில் போட்ட பிறகு மூன்று எண்ணும் வரை வண்டி நகரவில்லை, சூடானதும் சரியாகிறது என்றால், எண்ணெய் அளவும் சரியாக இருந்தால், இறுகிப்போன சீல்களின் வேலை அது. ஒரு நிமிடம் ஓடவிட்டு எடுத்தால் இன்னும் சில வருடம் தாங்கும். அந்த நேரத்தில் ஆக்சிலேட்டரை மிதித்து அவசரப்படுத்தினால் தாங்காது.

சரிவில் நிறுத்தும்போது ‘பி’யை மட்டும் நம்பாதீர்கள். உள்ளே வண்டியைத் தாங்குவது ஒரே ஒரு சின்னப் பல். முதலில் பார்க்கிங் பிரேக், பாரம் அதில் விழுந்த பிறகு ‘பி’, முடிந்தால் டயருக்கு ஒரு கல். காலையில் லீவரை எடுக்கும்போது ‘டக்’கென்று பெரிய சத்தம் வந்தால் இரவு முழுக்க அந்தப் பல்தான் வண்டியைச் சுமந்திருக்கிறது.

வடித்த எண்ணெயை மூடி போட்ட கேனில் சேர்த்து வைத்து, பழைய எண்ணெய் எடுக்க உரிமம் பெற்றவர்களிடம் கொடுங்கள். குன்னூர் ஆற்றில் விடும் எதுவும் கடைசியில் பவானிக்குப் போகிறது, கீழே அதைக் குடிக்கிறார்கள்.

இப்போது எங்கள் ஷெட்டில் வண்டிக்கு அடியில் ஒரு பழைய அட்டைப்பெட்டியை விரித்து வைத்திருக்கிறேன். இந்த எண்ணெய்க்குச் சிவப்புச் சாயம் போடுவதே எது எங்கிருந்து ஒழுகுகிறது என்று பிரித்தறியத்தான். வாரம் ஒரு முறை அட்டையை இழுத்துப் பார்ப்பேன். பெட்டியின் பின்பக்கச் சீல் இருக்கும் இடத்துக்கு நேராக, மாதத்துக்கு ஒன்றிரண்டு சிவப்புப் புள்ளிகள் விழுகின்றன. புதுச் சீல் வாங்கி வைத்தாயிற்று. மழை விட்டதும் மாற்ற வேண்டும்.